பின் கம்பியின் கடைசித் துளை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாக்கியமாகத்தான் கிடைத்தது. கேன்சஸில், விமானப்படை கைவிட்டுப் போன ஓடுபாதை ஒன்றில், ஏப்ரல் மாதக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மார்லிஸ் ஷ்ராக் சொன்னாள்: "போன வருஷம் வெர்ன் கை ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல. நான்தான் காரக் கெடுத்து வச்சேன்."

சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த ஆரஞ்சுக் கூம்பை நிமிர்த்தப் போய்விட்டாள். எங்கள் கார் பந்தயச் சங்கத்தில் ஓட்டுகிறவர்களே முறை வைத்து வெயிலில் நின்று கூம்பும் பொறுக்க வேண்டும். கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு போட்டி. ஜெயித்தால் ஒரு காபிக் குவளை. அதற்காக வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைப்பவர்கள் நாங்கள். என் கார் பழையது, நான் ஓட்டும் விதம் அதைவிடப் பழையது. ஆகவே எனக்கு நிற்க நிறைய நேரம் கிடைக்கும், மிச்சக் கதையைக் கேட்கவும் கிடைத்தது.

(மார்லிஸை நான் "அவர்" என்ற மரியாதையோடுதான் மனதில் வைத்திருக்கிறேன். ஆனால் "மார்லிஸ் கீழே படுத்தார், ஸ்பானரை எடுத்தார்" என்று எழுதினால் யாரோ விழாவுக்கு வந்த விருந்தினர் மாதிரி இருக்கிறது. "அவள்" என்றால்தான் பக்கத்தில் நிற்க முடிகிறது. அவர் பேசியதும் தமிழ் இல்லை. என் காதில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "வெர்ன் ஷ்ராக் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது அவனுடைய இடது கை"

நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் கதை நோயாளியைப் பற்றியதாகிவிடும்.

இரண்டாவது தொடக்கம்: "அன்பு என்பது ஒருவருடைய வேகத்தை"

இதைப் படித்துவிட்டு எனக்கே அலுத்துப்போனது.

மூன்றாவது, கம்பியிலிருந்து தொடங்குகிறது. அதை வைத்துக்கொள்கிறேன். கார் ஒரு வளைவில் வேகமாகத் திரும்பும்போது அதன் உடம்பு வெளிப்பக்கம் சாயும். அப்படிச் சாயாமலிருக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே ஒரு முறுக்குக் கம்பி பிடித்திருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்வே பார் என்பார்கள். பந்தயக்காரர்கள் வாங்கிப் போடும் கம்பியின் நுனியில் வரிசையாக மூன்று துளைகள். உள்துளையில் மாட்டினால் கம்பி விறைப்பு, கடைசித் துளையில் மாட்டினால் தளர்வு. ஷாக் அப்சார்பர்களின் தலையிலும் ஒரு குமிழ் உண்டு. திருகினால் டிக், டிக் என்று இறுகும் அல்லது தளரும்.

பின்பக்கம் விறைத்தால் காரின் வால் ஆடும். அது கொஞ்சம் ஆடினால்தான் கூம்புகளுக்கு நடுவே சட்டென்று திரும்ப முடியும். அளவு மீறினால் கார் தன்னையே சுற்றிக்கொண்டு போய் எதிலாவது இடிக்கும். பின்பக்கம் தளர்ந்து முன்பக்கம் விறைத்தால் நேர்மாறு. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள், மூக்கு திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது. மந்தம்தான், ஆனால் ஆபத்தில்லை. நாங்கள் பார்க்கிங் இடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான்.

இவ்வளவு போதும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டாம்.

3

மார்லிஸின் கணவன் வெர்ன் கால்நடை மருத்துவன். அறுபதைத் தாண்டியவன். ஊரின் பாதி நாய்களுக்கும் பெரும்பாலான மாடுகளுக்கும் அவன் தையல் போட்டிருக்கிறான். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன, கூரை மடங்கும் ஜப்பான் கார். ஒரே நாளில் முதலில் அவன் ஓட்டுவான், பிறகு அவள் ஓட்டுவாள். எப்போதும் அவன்தான் வேகம். அவள் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

போன வருடம் குளிர்காலத்தில் வெர்னுக்குச் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்து போனது. நரம்பு மருத்துவர் கை காலைச் சோதித்து, எல்லாம் செய்யலாம், வேலைக்குப் போகலாம், கார் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் திரும்பவில்லை: தரையில் படுத்தால் எழுந்திருக்க யாராவது தூக்கிவிட வேண்டும். அதனால் காருக்கு அடியில் போகிற வேலை மார்லிஸுடையதாயிற்று. அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வான், அவள் படுத்துச் செய்வாள்.

மே மாத ஓட்டத்தில் வெர்ன் காரின் வாலை அளவுக்கு மேல் ஆடவிட்டான். கார் சுழன்றது. கான்கிரீட்டை விட்டிறங்கி, புல்லில் பின்பக்கமாகச் சறுக்கி, பழைய எரிபொருள் கிடங்கின் சுவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. மார்லிஸ் ஓடினாள். அவன் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா மார்லி? பம்பரம்!"

"இறங்கு."

"இருடி, பெல்ட்ட அவுக்கணும்ல."

இடது கை பெல்ட்டின் கொக்கியைத் தேடியது. தொடையைத் தடவியது, இருக்கையைத் தடவியது, மறுபடி தொடைக்கு வந்தது. கடைசியில் கிடைத்தது. சிரிப்பில் அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்தாள்.

(அதிர்ச்சியில் யார் கையும் அப்படித் தடவும் என்று நான் சொன்னேன். "எனக்கும் தெரியும். ஆனா அந்தச் சுவரு இருந்துச்சே" என்றாள்.)

4

இங்கேதான் எனக்கு மார்லிஸின் மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். நேரடியாகப் பேசுகிற பெண். பேருந்தில் அடாவடி பண்ணுகிற பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். "வெர்ன், இனிமே ஓட்டாத" என்று ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தை நம்ப வைக்க அவளுக்கு ஒரு கோழைத்தனத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒரு பழைய பயத்தை, ஓட்டுநராக இருந்து இறந்துபோன ஒரு அண்ணனை. எல்லாவற்றையும் எழுதி அழித்தேன். அவளிடமே கேட்டேன்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பான். அதான் பயம். அவன் விட்டுட்டு வீட்ல உக்காந்திருக்கிறத நான் பாக்கணுமே."

அதனால் அடுத்த ஓட்டத்துக்கு முன்னால், வீட்டு ஷெட்டில், காருக்கு அடியில் அவள் மல்லாந்து கிடந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"பின் கம்பி நடுத் துளையிலதானே இருக்கு?"

"நடுத் துளைதான்."

சொல்லிக்கொண்டே போல்ட்டைக் கழற்றிக் கடைசித் துளையில் மாட்டினாள். வெளியே வந்து, பின் ஷாக் குமிழ்களை அவன் சொன்ன அளவுக்கு மேல், நிற்கும்வரை தளர்த்தினாள். முன்னால் இறுக்கினாள். டிக் டிக் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எண்ணவில்லை. அவள் செய்வதை அவன் எதற்கு எண்ணிப் பார்க்க வேண்டும்?

5

அந்தக் கோடையை வேகமாகத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அவளுக்கும் அது அப்படித்தான் இருந்தது, தாண்டவே முடியாத கோடை.

கார் மாடு மாதிரி ஆகிவிட்டது. வெர்ன் திருப்புவான், மூக்கு நேராகப் போகும். கூம்பு விழும். நேரம் கூடும். அவனுக்குத் தெரியாதா மூக்கு தள்ளுகிறது என்று? தெரியும். ஆனால் வளைவுக்குள் தாமதமாகக் கையைத் திருப்பினாலும் மூக்கு அப்படித்தான் தள்ளும். கம்பியின் மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டது மார்லிஸ். மிச்சம் இருந்தது அவனுடைய கைதான்.

சங்கத்தின் ஒலிபெருக்கி டஸ்டி கிரேபிலிடம் இருக்கிறது. அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஓரமா நில்லுங்கப்பா, டாக்டர் வர்றாரு. சினை மாட்டக் கூட்டிட்டு வர்றாரு போல, பொறுமையாத்தான் வருவாரு!"

ஜூன் மாதத்தில் வெர்ன் கண்ணாடிக்கு வெளியே நடுவிரலைக் காட்டினான். ஜூலையில் சிரித்தான். ஆகஸ்டில் ஒன்றும் செய்யவில்லை. டஸ்டியும் நிறுத்திக்கொண்டான், அது கேலியை விட மோசம்.

மார்லிஸும் அதே காரைத்தான் ஓட்ட வேண்டும். அந்த மந்தக் காரிலும் அவள் அவனை ஜெயிக்க முடியும் என்று முதல் நாளே தெரிந்தது. அதனால் வளைவுக்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக முடிப்பாள். இத்தனை வருடமாக அவனை ஒருமுறையாவது முந்திவிட வேண்டும் என்று ஏங்கியவள், இப்போது பின்தங்குவதற்குப் பாடுபட்டாள். "அவ்வளவு அலுப்பு எனக்குப் பஸ்ல கூட வந்ததில்ல" என்றாள்.

மந்தம் காரோடு நிற்கவில்லை. வெர்ன் முதலில் மாடுகளுக்கு அறுவை செய்வதை நிறுத்தினான், பிறகு நாய்களுக்கு. சந்தைக்குப் போகும்போது சாவியை அவளிடம் நீட்டினான். விருந்தில் இறைச்சியை வெட்டும் கத்தியை மச்சானிடம் கொடுத்தான். ஏன் என்று கேட்டால், "கை லேட்டா வருது மார்லி" என்பான், ரயில் லேட்டாக வருகிறது என்பதுபோல.

6

செப்டம்பர் கடைசி ஞாயிறு. அந்த வருடத்தின் கடைசி ஓட்டம். காலைச் சுற்றில் வெர்ன் எங்கள் பிரிவிலேயே கடைசியாக வந்தான், என்னையும் விடக் கீழே. (இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.) மதிய இடைவேளையில் அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மாட்டிறைச்சியும் கோஸும் வைத்துச் சுட்ட பீராக் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மத்தியானம் நீ மட்டும் ஓட்டு. எனக்குப் போதும்."

"ஏன்?"

"காரு நல்லாத்தான் இருக்கு. நான்தான் தேஞ்சுட்டேன்." ஒரு வாய் மென்று விழுங்கினான். "நாளைக்கு அந்தப் பக்கத்து ஊரு டாக்டரம்மா வருது. கிளினிக்க எழுதிக் குடுத்துடுறேன்."

அவளுக்கு இது புதிய செய்தி. விற்பது பற்றி அவனும் அந்த டாக்டரம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும், நாளைக்கு என்பது தெரியாது.

இந்த இடத்தில் ஒரு வாசகர் (முதல் வரைவைப் படித்த நண்பர்) கேட்டார்: அவள் சத்தமில்லாமல் கம்பியைப் பழையபடி நடுத் துளைக்கு மாற்றியிருக்கலாமே? அவன் ஓட்டுவான், வேகமாக வருவான், நம்பிக்கை திரும்பும், யாருக்கும் எதுவும் தெரியாது.

நானும் அப்படி ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன். அழகாக இருந்தது. ஆனால் அது அவனைக் கொன்றுவிடும். நாலு மாதமாக மூக்கு தள்ளுகிற காரை ஓட்டிப் பழகியவன், திரும்ப மாட்டேன் என்கிற காரைத் திருப்புகிற பலத்தோடு ஸ்டீயரிங்கை ஒடிப்பான். கார் இந்தமுறை திரும்பும், வாலும் வரும், அந்தச் சுவரும் அங்கேயேதான் இருக்கிறது. மாற்றினால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நாளைக்குக் கையெழுத்து.

அவள் காரின் பின்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"வெர்ன், பின் கம்பி கடைசித் துளையில இருக்கு."

"எப்படி? போல்ட்டு அவுந்துச்சா?"

"அவுழல. நான் மாத்துனேன்."

"எப்போ?"

"மே மாசம். நீ அந்தச் சுவருகிட்டப் போனப்புறம்."

அவன் பன்னை மடியில் வைத்தான். "ஷாக்கு?"

"பின்னாடி ரெண்டும் முழுசாத் தளர்த்திட்டேன். முன்னாடி இறுக்கி வச்சிருக்கேன்."

"ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேனே."

"பொய் சொன்னேன்."

"நீயும் அந்த எருமையத்தான் ஓட்டினியா? இத்தன நாளா?"

"ஆமா."

இங்கே அவன் சிரிப்பான் என்று தான் எதிர்பார்த்ததாக மார்லிஸ் சொன்னாள். நானும் எதிர்பார்த்தேன். அவன் தன் இடது கையை விரித்துப் பார்த்தான்.

"கோடை முழுக்க இதத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்டி."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ரீமர் வீட்டு நாயி. வயிறு முறுக்கிக்கிட்டு வந்துச்சு, ஜூலைல. உடனே கிழிக்கணும். என் கை வராதுன்னு பக்கத்து ஊருக்கு அனுப்பினேன். போற வழியிலயே செத்துப்போச்சு."

அது அவளுக்குத் தெரியாது.

(அந்த நாயை இரண்டு முறை கதையிலிருந்து எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் மார்லிஸை மன்னிப்பது சுலபம், உங்களுக்கும் எனக்கும். அதனாலேயே திரும்ப வைத்தேன்.)

"நீ கிழிச்சிருந்தாலும் செத்திருக்கலாம்" என்றாள். சொன்னதும், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"இருக்கலாம். அது எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" என்றான் வெர்ன். குரலை உயர்த்தவில்லை. பக்கத்துக் காரில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன ஓட்டாதன்னு சொல்லியிருக்கலாம். கார வித்திருக்கலாம். சாவிய ஒளிச்சு வச்சிருக்கலாம், சண்டை போட்டிருப்பேன். என் கையவே எனக்குப் பொய்யாக்கிட்டியே."

இங்கே அவளுக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் வக்கீல் பேச்சாகவே இருந்தது.

அவன் எழுந்தான். "ஜாக்க எடு. நடுத் துளை. குமிழெல்லாம் பழைய அளவு."

"ஓட்டப் போறியா?"

"என் கை எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். எல்லாரும் பாத்துட்டீங்க, நான்தான் பாக்கல."

அவள் காருக்கு அடியில் போனாள். போல்ட்டை மாற்றி முடித்ததும், "இரு" என்றான். கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல முட்டி போட்டு, கன்னத்தைக் கான்கிரீட்டில் வைத்து, கம்பியின் நுனியைத் தன் கண்ணால் பார்த்தான். பிறகு, அவள் கையை நீட்டியும் பிடிக்காமல், சக்கரத்தைப் பிடித்து எழுந்தான்.

7

அந்த மதியம் நான் கூம்பு பொறுக்கும் முறை. கிடங்குச் சுவருக்கு எதிரே, கொடியோடு நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. வெர்னின் கார் புறப்படும் சத்தம் கேட்டதும், கூம்பு விழும் என்று தயாரானேன், அவ்வளவுதான்.

கார் வந்தது. வளைவுக்குள் மூக்கு சட்டென்று உள்ளே திரும்பியது. அந்தக் கோடை முழுக்க நான் பார்க்காத திரும்பல். கூடவே வால் வெளியே வந்தது. என் கை கொடியைத் தூக்கிவிட்டது. சுவர், கார், நடுவில் கொஞ்சம் புல். வெர்ன் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினான். கொஞ்சம் தாமதம்தான். எனக்கே தெரிந்த தாமதம். கார் இன்னும் கொஞ்சம் சறுக்கி, ஒரு கூம்பைத் தட்டிவிட்டு, நேராகி, போய்விட்டது.

"டாக்டர் மாட்ட வித்துட்டாருடா!" என்று ஒலிபெருக்கியில் கத்தினான் டஸ்டி.

கூம்புக்கான அபராதத்தையும் சேர்த்தால் அது அவனுடைய பழைய நேரத்துக்குப் பக்கத்தில் கூட இல்லை. அந்தக் கோடையின் நேரங்களோடு பார்த்தால் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். கை கொஞ்சம் லேட். சாகவில்லை. இரண்டும் உண்மை. மார்லிஸ் பயந்ததும் பொய்யில்லை, வெர்ன் இழந்ததும் பொய்யில்லை.

பிறகு அவள் ஓட்ட வேண்டிய முறை. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்டு. ஒழுங்கா ஓட்டு" என்றான் வெர்ன்.

ஒழுங்காக ஓட்டினாள். அவனைவிட வேகமாக வந்தாள். வாழ்க்கையில் முதல்முறை. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்ததால் கடைசி வளைவு சரியாகத் தெரியவில்லை, இல்லாவிட்டால் இன்னும் குறைந்திருக்கும் என்றாள்.

8

முடிவுகள்.

ஒன்று: வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, அவன் அவள் கையைப் பிடிக்கிறான். (எழுதினேன். யாரோ எழுதியது மாதிரி இருந்தது.)

இரண்டு: அவன் அவளை விட்டுப் போகிறான். (அவர்கள் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் போன வாரம் அங்கே சாப்பிட்டேன்.)

மூன்று: வண்டிக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அப்படியே எழுதுவது. கேட்டேன். "அது உன் காகிதத்துக்கு இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை வெர்ன் கிளினிக்கை விற்கவில்லை. வந்த டாக்டரம்மாவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டான். பெரிய அறுவைகள் அந்தம்மாவுக்கு, சின்னத் தையல்கள் இவனுக்கு. ரீமர் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தான். அங்கே என்ன சொன்னான் என்று மார்லிஸுக்கே தெரியாது.

அப்புறம் ஏப்ரலில் புது வருட ஓட்டங்கள் தொடங்கின. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வெர்ன் தானே காருக்கு அடியில் போகிறான். மார்லிஸை ஸ்பானரைத் தொட விடுவதில்லை. உள்ளே போவதே பெரும்பாடு. வேலை முடிந்து வெளியே வந்து எழுந்திருப்பதற்குள் மற்றவர்கள் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். யாரும் உதவிக்குப் போவதில்லை, போனால் முறைக்கிறான்.

நான் பலமுறை பார்த்தும் இதைத் தீர்மானிக்க முடியவில்லை. அவளை இனி நம்ப மாட்டேன் என்கிறானா? கை திரும்பக் கிடைத்த திமிரா? அல்லது அவளை அந்தக் கம்பியிலிருந்து விடுவித்து, இனி நான் இடித்தால் அது உன் பாவமில்லை என்கிறானா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பத்தி எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுமே பொருந்துகின்றன, அதுதான் தொல்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு பார்த்ததை மட்டும் தருகிறேன். வெர்னின் தலையும் தோளும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகத்தில் நேராக வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு போல்ட்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான், இடது கையால். மார்லிஸ் நாலடி நகர்ந்து நின்றாள். அவளுடைய நிழல் அவன் முகத்தின் மேல் விழுந்தது. அவன் கண்ணைத் திறந்தான், அவளைப் பார்த்தானா கம்பியைப் பார்த்தானா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. நகரு என்று சொல்லவில்லை. அவளும் நகரவில்லை.